முதல் மரக்கடைசல் லேத்தும் உளிகளும்: நெல்லைப் பக்கத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு முழு வழிகாட்டி

முதல் லேத் வாங்குகிறவர்களில் பலர் கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, உளிக்கும் சாணைக்கும் காசில்லாமல் நிற்கிறார்கள். கணக்கை மாற்றிப் போடுங்கள். ஒதுக்கிய தொகையில் பாதி மட்டும் லேத்துக்கு. மீதிப் பாதியில் உளிகள், சாணை, சக் (மரத்தைத் தாடையால் கவ்விப் பிடிக்கும் கருவி), முகக்கவசம், பழகுவதற்கு மரம். சுமாரான லேத்தில் கூரான உளியை வைத்தால் வேலை நடக்கும். உயர்ந்த லேத்தில் மழுங்கிய உளியை வைத்தால் மரம் பிய்யும், கை நடுங்கும், ஆசை விட்டுப்போகும்.

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களைப் பார்த்தாலே இது விளங்கும். அந்தக் குட்டி உரலும் உலக்கையும் குடமும் ஒரு காலத்தில் ஒருவர் கயிறு இழுக்க இன்னொருவர் கடைந்து வந்தவை. மோட்டார் பின்னால் வந்தது. உளிப்பழக்கமும் மரத்தின் குணம் தெரிவதும்தான் அங்கே முதலீடு.

எதைக் கடையப் போகிறீர்கள்?

கடைக்குப் போகுமுன் தீர்மானிக்க வேண்டியது இதைத்தான். கடைசல் இரண்டு வகை. மரத்தை இரண்டு முனைகளுக்கு நடுவே பிடித்து நீளவாக்கில் கடைவது ஒன்று. இதில் மரத்தின் நார், லேத்தின் பெட்டுக்கு (நீளவாக்கில் கிடக்கும் அடித்தளத்துக்கு) இணையாக ஓடும். பூரிக்கட்டை, கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, உளிக்கான கைப்பிடி எல்லாம் இந்த வகை. பம்பரத்தையும் சொப்பையும் ஒருபக்கம் மட்டும் பிடித்துக் கடைந்தாலும் நார் ஓட்டம் இதேதான். கிண்ணமும் தட்டும் இரண்டாவது வகை. அங்கே நார் குறுக்கே கிடக்கும். மரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் உளி இரண்டு தடவை நார்முனையில் மோதும். உளியை எந்தப் பக்கமாக நகர்த்துவது என்பதும் தலைகீழாகிவிடும்.

புதியவர்கள் முதல் வகையில் தொடங்குவதே நல்லது. மரம் மலிவு, பிழை செய்தால் சேதம் குறைவு, உளிக்கட்டுப்பாடு சீக்கிரம் கைவரும். இணையத்தில் பார்த்த பெரிய கிண்ணத்துக்கு ஆசைப்பட்டு 14 அங்குல லேத் வாங்கியவர், ஆறு மாதம் கழித்து அதில் பூரிக்கட்டைதான் கடைந்துகொண்டிருப்பார். அதற்கு அதில் பாதி விட்டமே போதும்.

லேத் அளவு

லேத்தை இரண்டு எண்களால் குறிப்பிடுவார்கள். 12×18 என்றால் முதல் எண் ஸ்விங். பெட்டில் இடிக்காமல் சுற்றக்கூடிய மிகப்பெரிய விட்டம் 12 அங்குலம். இரண்டாவது எண், இரு முனைகளுக்கு நடுவே பிடிக்கக்கூடிய நீளம். வீட்டு லேத்துகளில் 8×12, 10×18, 12×18 ஆகியவை சாதாரணமாகக் கிடைக்கும்.

இந்த எண்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. உளியை ஊன்றிப் பிடிக்கும் டூல் ரெஸ்ட்டைத் தாங்குகிற பாஞ்சோ, பெட்டின்மேல் உட்காருகிறது. அதற்கு மேலே சுற்றுகிற நீளமான துண்டுக்கு 12 அங்குலம் கிடைக்காது. இரண்டு மூன்று அங்குலம் குறையும். நீளத்தில் இழப்பு இன்னும் கூடுதல். மரத்தைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலில் சக் மாட்டினால் மூன்று அங்குலம் போகும். எதிர்முனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கில் டிரில் சக்கும் பிட்டும் மாட்டினால் இன்னொரு ஆறேழு அங்குலம். ஆக 18 அங்குல லேத்தில் சக்கில் பிடித்துத் துளை போட மிஞ்சுவது எட்டொன்பது அங்குலம்தான். 8×12 அளவில் பேனா, பம்பரம், சொப்பு, சாவிக்கொத்துக் குமிழ் கடையலாம். பூரிக்கட்டை என்று வந்தால் திணறும்.

ஆகவே பொதுவான பரிந்துரை 12×18. கட்டில் கால் கடைகிற எண்ணம் இருந்தால், பெட்டை நீட்டும் துண்டு பிற்பாடு சேர்க்க முடிகிற மாடலாகப் பாருங்கள். மத்துக்காக நீளமான லேத் தேடவேண்டியதில்லை. மத்தின் தலையைத் தனியாகக் கடைந்து, துளை போட்டுக் கம்பைச் செருகுவதுதான் வழக்கம்.

எடை கூடினால் நல்லது. வார்ப்பிரும்பு பெட் அதிர்வை விழுங்கும். தகட்டை மடித்துச் செய்த பெட் அதிர்வைத் திருப்பித் தரும். இரண்டு லேத் ஒரே விலையில் இருந்தால் கனமானதை எடுங்கள்.

மோட்டார், வேகம், கரண்ட்

12 அங்குல லேத்துக்கு முக்கால் குதிரைத்திறன், அதாவது சுமார் 560 வாட், போதும். ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட். பெட்டியில் அதைவிடப் பெரிய எண் அச்சிட்டிருந்தால் மோட்டாரில் ஒட்டிய தகட்டைப் பாருங்கள். உண்மை அங்கே இருக்கும்.

வேகம் மாற்றுவதில் மூன்று முறைகள். பெல்ட்டைப் புல்லியில் படி மாற்றிப் போடுவது மலிவு, பழுது குறைவு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிறுத்தி மூடியைத் திறக்க வேண்டும். டிசி மோட்டாரும் குமிழும் உள்ளவை பழக வசதி. ஆனால் குமிழைக் குறைக்கும்போது மோட்டாரின் திறனும் குறையும். பெரிய துண்டு கடையும்போது பெல்ட்டையும் தாழ்ந்த படிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்ற வேண்டும். மூன்று பேஸ் மோட்டாரும் அதன் வேகத்தை மாற்றும் விஎஃப்டி என்ற மின்னணுக் கருவியும் கொண்டவை சிறந்தவை, விலை அதிகம். வீட்டுச் சிங்கிள் பேஸ் இணைப்பை வாங்கி மூன்று பேஸாக மாற்றித் தரும் விஎஃப்டி கிடைக்கிறது என்பதால், அதற்காகத் தனி இணைப்பு வாங்கவேண்டியதில்லை.

வேகத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து ஆர்பிஎம்மால் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் இடையில் வர வேண்டும். ஆறு அங்குலக் கிண்ணத்துக்கு 1000 முதல் 1500. இரண்டு அங்குலக் கம்புக்கு இந்தக் கணக்குப்படி 3000க்கு மேல் போகலாம். பழகும்வரை 1500 முதல் 2000 போதும். சதுரமாகவோ கோணலாகவோ உள்ள துண்டை எப்போதும் ஐந்நூறு அறுநூறில் தொடங்குங்கள். அதனால் குறைந்தபட்ச வேகம் 500 அல்லது அதற்குக் கீழே இருக்கிற லேத்தையே வாங்குங்கள். 750க்குக் கீழே இறங்காத மாடல்கள் விற்கின்றன. அவற்றில் கிண்ணம் கடைவது பயமுறுத்தும்.

கிராமத்துக் கரண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. இண்டக்ஷன் மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். பம்ப்செட் ஓடும் நேரத்தில் 230 வோல்ட் 180க்கு இறங்கினால், மோட்டாருக்கு மிஞ்சுவது சுமார் 61 சதவீத முறுக்குவிசை. கிளம்பும்போதே முனகும், சூடேறும், கெப்பாசிட்டர் போகும். இரவல் ஒயரில் நீட்டிக் கொடுக்காமல் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு நேரடியாக இழுங்கள். எர்த் கட்டாயம். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டால் இன்னும் நல்லது.

ஸ்பிண்டிலின் மரையும் எம்டியும்

இதைக் கேட்காமல் வாங்கிவிட்டுத்தான் பலர் பின்னால் அலைகிறார்கள். சக், மரத்தைத் திருகி மாட்டும் ஃபேஸ்பிளேட் இரண்டும் ஸ்பிண்டிலின் வெளிமரையில் ஏறும். அங்குலத்துக்கு எட்டு மரை கொண்ட 1 அங்குல ஸ்பிண்டில், எம்33×3.5 ஸ்பிண்டில் என்ற இரண்டுக்கும் சக்குகள் தாராளமாகக் கிடைக்கும். வேறு மரையாக இருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் அடாப்டர் தேட வேண்டும். நல்ல வேளையாக, பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள இரும்பு லேத் பட்டறைகளில் ஸ்பிண்டிலையும் சக்கையும் கொண்டுபோய்க் காட்டினால் அடாப்டர் கடைந்து தருவார்கள். சக் ஸ்பிண்டிலின் தோளில் தட்டி உட்கார வேண்டும், மரையில் மட்டும் தொங்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். தோளில் உட்காராத சக் ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் வேறு இடத்தில் நிற்கும்.

ஸ்பிண்டிலின் உள்துளை எம்டி (மோர்ஸ் டேப்பர்) என்ற கூம்பாக இருக்கும். அதன் வாய் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் என்றால் எம்டி2. 12 மில்லிமீட்டர் என்றால் எம்டி1. எம்டி2 வாங்குங்கள். ஸ்பிண்டில் உட்கார்ந்திருக்கும் ஹெட்ஸ்டாக்கில் எம்டி2, டெயில்ஸ்டாக்கில் எம்டி1 என்று கலந்து வரும் லேத்தைத் தவிர்ப்பது நல்லது. மரத்தைத் தாங்கும் கூர்முனையான சென்டர் ஒன்றையே இரண்டு பக்கமும் மாற்றிப் போட முடியாது.

உள்ளூரில் செய்ததும் பழையதும்

இரும்புச் சேனலை வெல்டிங் செய்து, இரண்டு பிளம்மர் பிளாக்கில் (பேரிங் கூட்டில்) தண்டை நிறுத்தி, ஒரு மோட்டாரைக் கட்டிய லேத்துகள் நம் பக்கத்து மரப்பட்டறைகளில் நிறைய உண்டு. கட்டில் கால் நூறு நூறாகக் கடைய அவை கச்சிதம். புதியவருக்குச் சிக்கல் என்னவென்றால் வேகம் ஒன்றோ இரண்டோதான், எம்டி துளை இருக்காது, டெயில்ஸ்டாக் முனை சுழலாத கூர்முனையாக இருக்கும். சுழலாத முனையில் மரம் உரசி எரியும். எண்ணெயோ மெழுகோ வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விலை மலிவு என்பதற்காக எடுத்தால், தண்டை மட்டும் எம்டி2 துளையும் 1 அங்குல மரையுமாகக் கடைந்து மாற்றிக்கொள்ளுங்கள். பாதிக் குறை அங்கேயே தீரும்.

பழைய லேத்தை யாரிடமாவது வாங்கப் போனால், ஒரு ஸ்பர் சென்டர் (மரத்தில் பதிந்து அதைச் சுழற்றும் பற்கள் கொண்ட முனை), ஒரு டார்ச், ஒரு ஸ்டீல் ஸ்கேல் கொண்டுபோங்கள். கரண்டை அணைத்துவிட்டு ஸ்பிண்டிலை இறுகப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கையில் ‘டக்’ என்று சிறு தட்டல் தெரிந்தால் பேரிங் போயிற்று. பேரிங் மலிவுதான், விலையைக் குறைத்துப் பேசலாம். பிறகு பெல்ட்டைத் தளர்த்தி ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். மணல் அரைபடுவதுபோல உணர்வு வந்தாலும் அதே கதை. அடுத்து டெயில்ஸ்டாக்கைத் தள்ளிக்கொண்டு போய் இரண்டு முனைகளையும் முட்டவிடுங்கள். கூரும் கூரும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். மேல் கீழாக ஒரு மில்லிமீட்டர் விலகினால் துளை போடுவது கெடும். பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். எம்டி துளைக்குள் டார்ச் அடியுங்கள். உள்ளே வளையம் வளையமாகக் கீறல் இருந்தால் சென்டர் வழுக்கிச் சுழன்றிருக்கிறது; இனி எதுவும் அதில் பிடித்து நிற்காது. அப்படிப்பட்டதை விட்டுவிடுங்கள். கடைசியாக, அதிகபட்ச வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு ஹெட்ஸ்டாக்கில் கை வையுங்கள். வெதுவெதுப்பு சரி. கை பொறுக்கவில்லை என்றால் வேண்டாம்.

உளிகள்: நான்கு போதும்

எட்டு உளி கொண்ட செட் மரப்பெட்டியில் அழகாக இருக்கும். அதில் பாதி வருஷக்கணக்கில் தொடப்படாமல் கிடக்கும். தனித்தனியாக வாங்குங்கள், எல்லாம் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) ஆக இருக்கட்டும். கார்பன் ஸ்டீல் உளி கூர் நன்றாக ஏறும். ஆனால் சாணையில் நீலம் பாய்ந்தால் அந்த இடம் மிருதுவாகிவிடும். ஹெச்.எஸ்.எஸ். அந்தச் சூட்டைத் தாங்கும், கூரும் பல மடங்கு நிற்கும்.

கௌஜ் என்பது வாய் குழிந்த உளி. முதலில் ரஃபிங் கௌஜ், 20 மில்லிமீட்டர். சதுரத்தை உருட்டுவதற்கு. இதைக் கிண்ணத்தில் வைக்கவே கூடாது. இதன் தண்டு கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் மெலிந்த பட்டையாக இருக்கும். குறுக்கு நாரில் மாட்டினால் அங்கேதான் ஒடியும், ஒடிந்த துண்டு உங்களை நோக்கி வரும். அடுத்தது ஸ்பிண்டில் கௌஜ், 10 மில்லிமீட்டர். தச்சர்கள் நகவுளி என்பதன் கடைசல் வடிவம். குழிவு, மணி, வளைவு எல்லாம் இதில்தான். மூன்றாவது பார்ட்டிங் உளி, 3 மில்லிமீட்டர். அளவு குறிக்கவும் துண்டிக்கவும். நான்காவது ஸ்க்யூ, 20 மில்லிமீட்டர். சாய்ந்த முனை கொண்ட இந்த உளி சரியாகப் பிடித்தால் உப்புத்தாளே தேவைப்படாத பளபளப்பைத் தரும், தவறாகப் பிடித்தால் மரத்தில் திருகாணிபோலச் சுற்றிக் கீறிவிடும். பயந்து ஒதுக்காமல் வாரம் ஒருமுறையாவது வீணாகும் மரத்தில் பழகுங்கள்.

கிண்ணத்துக்குப் போகும்போது பௌல் கௌஜ் ஒன்று, வட்டமுனை ஸ்கிரேப்பர் ஒன்று. அதுவரை வேண்டாம்.

கார்பைட் வில்லை பொருத்திய உளிகள் இப்போது பரவலாக விற்கின்றன. சாணை தேவையில்லை என்பது அவற்றின் கவர்ச்சி. வில்லை மழுங்கினால் திருப்பிப் போடலாம். டூல் ரெஸ்ட்டில் படுக்கையாக, மையத்துக்கு நேராகப் பிடித்தால் போதும். ஆனால் அது சுரண்டுகிற உளி. மிருதுவான மரத்தில் நாரைப் பிய்த்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். பேனா மட்டும் கடைபவருக்குப் போதும். கடைசலைக் கற்க வேண்டும் என்றால் அதில் தொடங்காதீர்கள்.

கொல்லர் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்து வாங்குகிற உளியில் தவறில்லை. அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பழைய அரத்தை அப்படியே தீட்டி உளியாக்குவது மட்டும் வேண்டாம். அரம் கடினமானது, கண்ணாடிபோல நொறுங்கும். ரெஸ்ட்டுக்கு வெளியே நீண்டிருக்கையில் மரம் அடித்தால் பட்டென்று இரண்டாகும்.

சாணை

லேத்துக்கு அடுத்த முக்கியமான வாங்கல் பெஞ்ச் கிரைண்டர். எட்டு அங்குலக் கல், 1440 ஆர்பிஎம் கிடைத்தால் நல்லது. 2880 சுற்றும் ஆறு அங்குலக் கிரைண்டர் மலிவு, எங்கும் கிடைக்கும்; மெல்லத் தொட்டால் அதிலும் வேலை நடக்கும். உடன் வரும் சாம்பல் நிறக் கல்லை மாற்றி வெள்ளைக் கல், 80 கிரிட், போடுங்கள். ஹார்டுவேர் கடையில் பச்சைக் கல்லை எடுத்து நீட்டுவார்கள்; அது கார்பைடுக்கு. மாட்டும் முன் கல்லை விரலில் தொங்கவிட்டுக் கட்டையால் தட்டுங்கள். மணிபோல ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்பு. அதை மாட்டக் கூடாது.

கோணங்கள்: ரஃபிங் கௌஜ் 45 பாகை, ஸ்பிண்டில் கௌஜ் 35 முதல் 40, ஸ்க்யூ இருபக்கமும் சேர்த்து 30 முதல் 40, பார்ட்டிங் 50 ஒட்டி, ஸ்கிரேப்பர் 70 முதல் 80. எண்ணைவிட முக்கியம், ஒவ்வொரு தடவையும் அதே கோணம் வருவது. அதற்குத்தான் ஜிக் என்ற தாங்கி. மரத்துண்டில் கோணம் வெட்டி நீங்களே ஒரு தாங்கு மேசை செய்துகொள்ளலாம்.

கோணம் சரியா என்று பார்க்க, உளியின் சாய்வு முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் பூசுங்கள். கிரைண்டரை அணைத்துவிட்டுக் கல்லைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி உளியைத் தொடவிடுங்கள். மை நுனியில் மட்டும் அழிந்தால் கோணம் மிகச் செங்குத்து. அடியில் மட்டும் அழிந்தால் மிகப் படுக்கை. முழுக்க அழிந்தால் சரி. அதன்பின் கிரைண்டரை ஓடவிட்டு, அழுத்தாமல், மூன்று நான்கு விநாடி. பொறி வெட்டுவிளிம்பின் மேல்பக்கமும் லேசாகத் தாண்டி வரும்போது நிறுத்துங்கள். வேப்பமரத்தில் வேலை செய்தால் கால்மணி நேரத்துக்கு ஒருமுறை சாணைக்குப் போக வேண்டிவரும். இது சோம்பல் பார்க்கிற வேலையில்லை. தூளாக விழுந்தால் மழுங்கிவிட்டது, சுருள் சீவலாக வந்தால் கூர் இருக்கிறது.

சக்

முதல் மாதம் சக் இல்லாமலே ஸ்பர் சென்டரும் சுழலும் டெயில் சென்டரும் வைத்துப் பழகலாம். பம்பரம், சொப்பு, டப்பா என்று போகும்போது நான்கு தாடை ஸ்க்ரோல் சக், 100 மில்லிமீட்டர், 50 மில்லிமீட்டர் தாடையுடன் வாங்குங்கள். அதில் பிடிக்க மரத்தின் முனையில் ஒரு கழுந்து (தாடை கவ்வுவதற்கான குட்டை முளை) கடைய வேண்டும்: விட்டம் 50 முதல் 55, நீளம் 6 முதல் 8 மில்லிமீட்டர், பக்கம் தாடையின் சரிவுக்கு ஏற்றபடி உள்நோக்கிச் சாய்ந்து. கழுந்தின் நுனி சக்கின் அடியைத் தொடக் கூடாது. தாடையின் முகம் மரத்தின் தோளில் அமர வேண்டும். மரம் பறந்துவிட்டது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இதைத்தான் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

மரம்

நெல்லைப் பக்கம் மரத்துக்குப் பஞ்சமில்லை. பழக ஏற்றது பூவரசு. நெருங்கிய நார், அளவான கடினம், சீவல் நன்றாக வரும். மஞ்சக்கடம்பு சொப்புக்காரர்களின் பழைய மரம். சீரான நார், அரக்கு நன்கு பிடிக்கும். கன்னியாகுமரிப் பக்கமிருந்து வரும் பதப்படுத்திய ரப்பர் மரம் வெளுப்பாக, மிருதுவாக, விலை குறைவாகக் கிடைக்கும்; பதப்படுத்தாதது பூச்சியரித்துப் பூஞ்சை பிடித்துப் போகும். கொய்யா பம்பரத்துக்கு அருமை, ஆனால் காயும்போது வெடிக்கும். புளி கடினம். வேம்பில் நார் பின்னிக்கிடப்பதால் பிய்யும். சீமைக்கருவேல் இரும்புபோலிருந்தாலும் காய்ந்தால் அதிகம் சுருங்காது. உளி கைவந்த பிறகு அதில் இறங்கலாம், விறகு விலையில் அழகான மரம். பனையும் தென்னையும் இப்போதைக்கு வேண்டாம், உள்ளே நாரும் சோறுமாக இருப்பதால் உளிநுனி போய்விடும். யூக்கலிப்டஸ் காயும்போதே முறுக்கிக்கொள்ளும்.

அரளியையும் எட்டியையும் தொடவே வேண்டாம். இரண்டும் விஷம், சமையல் சாமானுக்கோ குழந்தை விளையாட்டுப் பொருளுக்கோ ஒருபோதும் கூடாது. மரக்கடையில் தேக்குத் துண்டு, கழிவுத் துண்டு வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். சந்தனம், ஈட்டி பக்கம் போகாதிருப்பது நிம்மதி.

பச்சை மரத்தை வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகோ பழைய பெயிண்ட்டோ கெட்டியான ஃபெவிகாலோ பூசுங்கள். ஆனி, ஆடியில் பாளையங்கோட்டைப் பக்கம் அடிக்கிற மேல்காற்றில், முனை பூசாத கட்டை ஒரே வாரத்தில் நட்சத்திரம்போல வெடித்துவிடும். அதே நாட்களில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரலில் மரம் ஈரத்தைத் திரும்ப இழுக்கும். நிழலில், காற்று நேராக அடிக்காத இடத்தில் அடுக்கி, சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது.

லேத்தை நிறுத்துவது

ஸ்பிண்டிலின் மையம் உங்கள் முழங்கை உயரத்துக்கு வர வேண்டும். தாழ இருந்தால் இடுப்பு வலிக்கும், ஒசந்திருந்தால் தோள். நான்கு காலும் தரையில் ஆடாமல் படிய வேண்டும். தாங்கியின் அடித்தட்டில் இரண்டு மணல் மூட்டை வைத்தால் அதிர்வு அடங்கும். டூல் ரெஸ்ட்டின் மேல்விளிம்பில் பள்ளம் இருந்தால் அரத்தால் ஒருமுறை ராவி வழவழப்பாக்குங்கள். உளி அங்கே தடுக்கினால் மரத்தில் வடு விழும்.

வேட்டி, துண்டு, முந்தானை, தொங்கும் சட்டைக்கை எதுவும் கூடாது. மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறும் கழுத்துச் சங்கிலியும் கழற்றப்பட வேண்டியவை. கையுறை போடவே கூடாது; சுற்றுகிற மரம் துணியோடு விரலையும் இழுக்கும். கண்ணாடி மட்டும் போதாது, முழு முகக்கவசம். வாகை, வேம்பு, தேக்குத் தூசி தும்மலையும் தோல் அரிப்பையும் கிளப்பும். தேய்க்கும்போது என்95 மாஸ்க். ஸ்விட்ச் போடும்போது மரத்துக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள்.

முதல் வேலை: பூரிக்கட்டை

பூவரசு அல்லது ரப்பர் மரம், 45×45 மில்லிமீட்டர், 380 நீளம். முடிச்சும் வெடிப்பும் இல்லாதது.

1. இரு முனைகளிலும் மூலைக்கு மூலை கோடிழுத்து மையம் குறியுங்கள், ஆணியால் குத்துங்கள்.

2. ஸ்பர் சென்டரை லேத்திலிருந்து எடுத்து, மரத்தைத் தரையில் நிறுத்தி, மரச்சுத்தியால் அடித்துப் பதியுங்கள். லேத்தில் வைத்து அடித்தால் பேரிங்குக்குக் கேடு.

3. லேத்தில் மாட்டி, டெயில்ஸ்டாக்கை நெருக்கி பெட்டில் பூட்டி, கைச்சக்கரத்தால் முனையை மரத்துக்குள் அழுத்தி அதையும் பூட்டுங்கள்.

4. ரெஸ்ட்டை மரத்தின் மூலையிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி, மையத்துக்குச் சற்றுத் தாழ வையுங்கள். மரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்கும் இடிக்கவில்லை என்றால் மட்டும் 600 ஆர்பிஎம்.

5. ரஃபிங் கௌஜை முதலில் ரெஸ்ட்டில் ஊன்றுங்கள். பிறகு சாய்வு முகத்தை மரத்தில் உரசவிடுங்கள்; இன்னும் வெட்டாது. கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள், விளிம்பு மரத்தைத் தொட்டுச் சீவல் வரும். வலது முனையிலிருந்து 50 மில்லிமீட்டர் உள்ளே தொடங்கி வெளிப்பக்கமாக ஓட்டுங்கள். அடுத்த ஓட்டம் இன்னும் 50 உள்ளேயிருந்து. முனையிலிருந்து உள்நோக்கிப் போனால் மூலை நீளமான சிம்பாகப் பிய்ந்து கையில் ஏறும்.

6. ‘டக டக’ சத்தம் நின்று சீரான உரசல் கேட்டால் உருண்டுவிட்டது. அணைத்து, ரெஸ்ட்டை நெருக்கி, வேகத்தை 1500க்கு ஏற்றுங்கள்.

7. காலிப்பரை 40 மில்லிமீட்டரில் வைத்து, பார்ட்டிங் உளியால் நான்கைந்து இடத்தில் அந்த அளவுக்குப் பள்ளம் போடுங்கள். பிறகு பள்ளங்களுக்கு நடுவே உள்ளதைக் கௌஜால் எடுத்துச் சமப்படுத்துங்கள். ரெஸ்ட் குட்டையானது, அதை நகர்த்தி வைத்த இடத்தில் படி விழும். ஸ்கேலைப் படுக்கவைத்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

8. கைப்பிடிகளின் வளைவை ஸ்பிண்டில் கௌஜால். நீளவாக்குக் கடைசலில் எப்போதும் பெருத்த பக்கமிருந்து சிறுத்த பக்கம், சரிவில் இறங்குவதுபோல. ஏறினால் நார் நிமிரும்.

9. ரெஸ்ட்டை எடுத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, உப்புத்தாள் 120, 180, 240, 320. ஒரே இடத்தில் நிற்காதீர்கள். ஒவ்வொரு தாளுக்கும் பிறகு லேத்தை நிறுத்தி நீளவாக்கில் இரண்டு தடவை தேய்த்தால் வட்டக் கீறல் போகும்.

10. இரு முனைகளையும் 10 மில்லிமீட்டர் தண்டாகச் சிறுக்கி, லேத்தை அணைத்து ரம்பத்தால் அறுங்கள்.

உளி மரத்தில் மாட்டிக்கொள்வது

நடுவில் உளி ‘தடார்’ என்று மாட்டி மரத்தில் வடு விழுந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: வெட்டுகிற விளிம்புப் புள்ளிக்கு அடியில் சாய்வு முகத்தின் தாங்கல் இல்லை. மரம் அந்தப் புள்ளியைக் கீழே அழுத்தும், உளி திருகும். கௌஜின் வாய் வானத்தைப் பார்த்தபடி பக்கச் சரிவில் போனால் மேலிறக்கை (விளிம்பின் மேற்பக்கம்) மாட்டும். வெட்டும் திசையை நோக்கி வாயைத் திருப்புங்கள். ஸ்க்யூவில் விளிம்பின் நடுவுக்குக் கீழ்ப்பாதி மட்டும் வெட்ட வேண்டும். மேல்கூர் மரத்தைத் தொட்ட கணம் மாட்டும். ஸ்கிரேப்பரைப் பிடிக்கும்போது கைப்பிடி முனையைவிட உயரே இருக்கட்டும். ரெஸ்ட் மரத்திலிருந்து வெகுதூரம் இருந்தால் எந்த உளியும் துள்ளும். மரம் சிறுக்கச் சிறுக்க, நிறுத்தி, ரெஸ்ட்டை நெருக்கிக்கொண்டே வாருங்கள்.

மெருகு

சமையல் சாமானுக்குத் தேங்காய் எண்ணெய் பூசி ஒரு நாள் விட்டுத் துடைத்தால் போதும். ஆனால் அது உலர்ந்து படலமாகாது, அவ்வப்போது பூச வேண்டும். விளையாட்டுச் சாமானுக்கு அரக்கு. நிறம் கலந்த அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தில் அழுத்தினால் உரசல் சூட்டில் உருகிப் பிடிக்கும்; கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் தாழை மடலால் தேய்த்துப் பரப்பி மினுக்குகிறார்கள். துணியைக் கையில் சுற்றிக்கொண்டு தேய்க்க வேண்டாம். மடித்து விரல்நுனியில் பிடியுங்கள், இழுத்தால் விட்டுவிடலாம். உப்புத்தாள் தூசி துளைகளில் மிஞ்சியிருந்தால் அரக்கு திட்டுத்திட்டாக நிற்கும். முதலில் நிறமில்லாத அரக்கை ஒரு பூச்சு ஏற்றிவிட்டு, அதன்மேல் நிறம் கொடுங்கள். பிள்ளைகள் வாயில் வைக்கும் சொப்புக்கு, ஈயம் கலந்த மஞ்சள், சிவப்பு நிறமிகளை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள்தூளும் நீலத்துக்கு அவுரியும் இருக்கவே இருக்கின்றன.